பங்கு என்று கூப்பிடுகிறோம், பங்கு பிரிக்கத்தான் வாய் வருவதில்லை

மூன்று வெள்ளி (ரிங்கிட்) எழுபது காசு. கேமரன் மலைக்குப் போய் வந்த செலவில், கார் நிறுத்தக் கட்டணத்துக்கு ஒருவர் தர வேண்டிய பங்கு அது. ஊர் திரும்பிய அன்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் படம் வந்தது. கீழே ‘3.70 பாக்கி பங்கு’ என்று ஒரு வரி. (‘பங்கு’ என்றால் எங்கள் பேச்சில் நண்பன்.) பார்த்தவர் காசை உடனே அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த நண்பரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னிடம் அவர் வந்தது தூக்கம் வரவில்லை என்று. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது என் ஆலோசனை அறை. தூக்கமின்மை, வீட்டில் சண்டை, வேலையில் மனக்கசப்பு என்று சொல்லிக்கொண்டுதான் எல்லாரும் படியேறுகிறார்கள். நண்பனோடு காசுத் தகராறு என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. அதைச் சொல்ல வெட்கம். மூன்றாவது, நான்காவது சந்திப்பில் வேறு எதையோ பேசும்போது தானாக வந்து விழும். (மலேசியாவில் ஆலோசகர்கள் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று வேலை செய்கிறவர்கள். வந்தவர் கதையை அப்படியே வெளியில் சொல்ல முடியாது. இங்கே வரும் ஆட்களின் வேலை, ஊர், தொகை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இந்த இருவரும் கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பெஞ்சு. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு குடும்பங்கள் கோலாலம்பூர் பக்கம் வந்தன. ஒருவர் ஏர்கான் பொருத்துகிறார், இன்னொருவருக்குக் கிடங்கில் வேலை. இருபது வருடமாக ஒருவரை ஒருவர் ‘பங்கு’ என்று கூப்பிட்டவர்கள்.

என்னிடம் வந்த ஏர்கான்காரர் எப்போதும் பெலாஞ்சா செய்கிறவர், அதாவது எல்லார் செலவையும் தானே கட்டுகிறவர். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) நான்கு பேர் உட்கார்ந்தால், மற்றவர்கள் கடைசி வாய் ரொட்டி சானாயைப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருக்கும்போதே கை கழுவப் போகிறவர் மாதிரி எழுந்து, கல்லாவில் காசைக் கட்டிவிட்டு ஈரக் கையோடு வந்து உட்காருவார். யாரும் கேட்கக் கூடாது, யாரும் பர்ஸை எடுக்கக் கூடாது. ஏன் இப்படி என்று நான் கேட்டபோது முதலில் சிரித்தார். அப்புறம் தோட்டத்துக் கடையைப் பற்றிச் சொன்னார். அப்பா வீட்டுச் சாமான்களைப் பற்றில்தான் வாங்குவார். பத்து வயதுப் பையன் பற்றுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவான். கடைக்காரர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிற்கிற எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விடுவார். பிறகுதான் அரிசியை அளப்பார்.

“பில் மேசைக்கு வந்துட்டா எனக்கு இன்னமும் வயித்தைக் கலக்கும்க்கா. அது வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடணும்.”

அவர் சம்மதத்தோடு மற்றவரையும் ஒரு நாள் பார்த்தேன். 3.70 கேட்டவர். வந்து உட்கார்ந்ததும், “நான் கஞ்சன்னு சொல்லியிருப்பானே?” என்றார். அவருடைய அப்பா ஒரு நண்பரின் லாரிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர். நண்பர் காணாமல் போனார். தவணையை அப்பா ஆறு வருடம் கட்டினார். அந்த ஆளை அப்பா ஒருநாளும் திட்டியதில்லை, யாராவது பெயரைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவாராம். “கணக்கு சுத்தமா இருந்தா என் அப்பாவுக்கு அந்த கூட்டாளி போயிருக்க மாட்டாரு. அதனாலதான் நான் காசு வரைக்கும் பார்க்கிறேன். எனக்கு அவன் வேணும்க்கா.”

நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இது: கணக்குப் பார்க்கிறவரும் பார்க்காதவரும் இரண்டு பேருமே நட்பைக் காப்பாற்றுவதாகத்தான் நினைக்கிறார்கள். நண்பனிடம் கணக்குப் பார்த்தால் அது நட்பா என்று ஒருவர். கணக்குப் பார்க்காமல் விட்டால் நட்பு எப்படி நிற்கும் என்று மற்றவர். இரண்டும் அவரவர் வீட்டிலிருந்து, பெரும்பாலும் அப்பாவின் முகத்திலிருந்து கற்ற பாடம். ஒருவர் பாடம் மற்றவருக்கு அவமானமாகப் போய்ச் சேருகிறது. மூன்று வெள்ளி எழுபது காசை வாங்கியவர் மரியாதை செய்ததாக நினைத்தார், கொடுத்தவர் கடைக்காரரின் பெருமூச்சைக் கேட்டார்.

கஞ்சன், கருமி, மலாய்ச் சொல்லில் கெடெகுட் என்று கையை இறுக்கிப் பிடிக்கிறவருக்கு நம்மிடம் பெயர்கள் ஏராளம். ஊதாரி என்றும் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் நம் பில்லைக் கட்டிக்கொண்டிருக்கும் வரை யாரும் ஒருவரை அப்படிச் சொல்வதில்லை. அவர் ‘நல்ல மனசுக்காரர்’. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஏர்கான்காரரின் தூக்கமின்மைக்குக் காரணம் என்ன தெரியுமா? இரண்டு கிரெடிட் கார்டுகளில் சேர்த்து 9,000 வெள்ளி பாக்கி. வருடத்துக்கு 36,000 வெள்ளியும் அதற்குக் கீழும் சம்பாதிக்கிறவர்கள் இரண்டு வங்கிகளின் கார்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது, ஒவ்வொரு வங்கியிலும் உச்ச வரம்பு இரண்டு மாதச் சம்பளம். அந்த வரம்புக்குள்ளேயே இவ்வளவு சேர்ந்துவிட்டது. ஒழுங்காகக் கட்டாதவர்களுக்கு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகும். 9,000 வெள்ளிக்கு மாதம் 135 வெள்ளி வட்டி மட்டும். குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டைக் கட்டினால் 450 வெள்ளி, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வட்டியே தின்றுவிடுகிறது. இருபது வருடம் அவர் காசில் தே தாரிக் குடித்த எவருக்கும் இது தெரியாது. அவரை ஏகேபிகேக்கு அனுப்பினேன். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. மனக்கஷ்டத்தை நான் பார்க்கலாம், தவணை அட்டவணை போட எனக்குத் தெரியாது.

இன்னொரு ஜோடி, பெண்கள். முதலாம் படிவத்திலிருந்து தோழிகள். ஒருவர் செந்தூலில் இருக்கிறார், தனியார் கிளினிக்கில் முன்மேசை வேலை, சம்பளம் 2,800. அம்மாவின் மருந்துச் செலவும் தம்பியின் படிப்பும் அவர் தலையில். மற்றவர் பங்சார் சவுத்தில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் இருக்கிறார், தனி ஆள், நல்ல சம்பளம். பிறந்தநாள் என்றால் ஆறு பேர் கூடுவார்கள். இடத்தை யார் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விருந்தின் கணக்கை செந்தூல் பெண் என் மேசையில் ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். மெனு விலைப்படி ஆறு பேருக்கும் சேர்த்து 600 வெள்ளி. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு. உணவுக்கான சேவை வரி 6 விழுக்காடு (2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு 8 ஆனபோதும் சாப்பாட்டுக்கு 6தான்). மொத்தம் 696. ‘ஆறாப் பிரிச்சிடலாம், ஈஸி’ என்று ஒருவர் சொல்ல, ஆளுக்கு 116. இவர் சாப்பிட்டது ஒரு சோறும் ஒரு எலுமிச்சைச் சாறும், 40 வெள்ளி. வரியெல்லாம் சேர்த்தாலும் 46 வெள்ளி 40 காசு. மீதி கிட்டத்தட்ட எழுபது வெள்ளி மற்றவர்களின் மது பானத்துக்கு. எழுபது வெள்ளி அவருக்கு ஒரு வாரத்து மத்தியானச் சாப்பாடு. “சரின்னு சொல்லிட்டு, சிரிச்சுக்கிட்டே ஸ்கேன் பண்ணேன்” என்றார். சொல்லும்போதும் சிரித்தார்.

சமமாகப் பிரிப்பது நியாயமான முறைதான், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே அளவு சாப்பிட்டால். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அது பொருந்தும். ஒருவர் தண்ணீரும் ஒருவர் வைனும் குடிக்கும் மேசைக்குப் பொருந்தாது. இதை மேசையில் சொல்கிறவர் ‘கணக்குப் பார்க்கிற ஆள்’ ஆகிவிடுவார் என்பதால் யாரும் சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் லங்காவி. மூன்று நாள், ஆளுக்கு 1,200 வெள்ளி. குழுவில் ‘ஓகே’ என்று போட்டுவிட்டு, ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பிலிருந்து எடுத்தார். 2024 மே 11 முதல் 55 வயதுக்குக் கீழுள்ளவர்களின் சேமநிதிச் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது அல்லவா, அதில் நூற்றுக்குப் பத்து போகிற நெகிழ்வுக் கணக்கு. ஐம்பது வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கைப்பேசியில் சில நிமிட வேலை. ஆனால் 2,800 சம்பளத்தில் அவருடைய 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 672 வெள்ளி, அதில் பத்தில் ஒன்று 67 வெள்ளி. 1,200 வெள்ளி சேர அவருக்குப் பதினெட்டு மாதம் பிடித்திருக்கிறது. அந்தக் கடற்கரையில் எடுத்த படங்களை எனக்குக் காட்டினார். ஆறு பேரில் நன்றாகச் சிரிப்பது அவர்தான்.

லங்காவிக்குப் பிறகு என்ன ஆனது? வழக்கமாக ஆவதுதான். தோழி கூப்பிட்டால் ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’, ‘வேலைடி’, ‘தலைவலி’. மூன்று முறைக்குப் பிறகு தோழி கூப்பிடுவதை நிறுத்தினார். செந்தூல் பெண் அதை ‘அவ மாறிட்டா’ என்று எனக்குச் சொன்னார். தோழியும் அங்கே யாரிடமோ இதே இரண்டு சொல்லைச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

நான் ஒன்றும் உத்தமி இல்லை. சில வருடங்களுக்கு முன் கூட வேலை பார்த்தவர்கள் நோன்பு மாதத்தில் ஒரு ஹோட்டல் பஃபேக்குக் கூப்பிட்டார்கள். தலைக்கு என்ன விலை என்று பார்த்தேன், உடனே ‘வர்றேன்’ என்று எழுதினேன், அன்று சாயங்காலம் ஒற்றைத் தலைவலி என்று எழுதினேன். அடுத்தவர்களுக்கு வெளிப்படையாகப் பேசக் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறவள் வீட்டில் உட்கார்ந்து மெகி கிளறிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு சகோதரி எனக்காக டப்பாவில் குர்மா கொண்டுவந்து, “தலைவலி போயிடுச்சா?” என்று கேட்டபோதுதான் அந்தப் பொய்யின் எடை தெரிந்தது.

வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, தொகையை முன்னாலேயே சொல்லுங்கள் என்பதைத்தான். ‘எனக்கு முடியாது’ என்று நிறுத்தினால் கேட்கிறவருக்கு வருத்தம், சொல்கிறவருக்குத் தாழ்வு. ‘இந்த மாசம் எனக்கு ஐம்பது வெள்ளிதான், அதுக்குள்ள எங்கயாவது போகலாமா?’ என்று கேட்டால் பேச இடம் இருக்கிறது. உணவகத்தில் ஆர்டர் கொடுக்கும் முன்பே ‘தனித்தனி பில் போடுங்க’ என்று பணியாளரிடம் சொல்லிவிடலாம். சாப்பிட்டு முடித்தபின் சொன்னால்தான் அது குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கும். கூடச் சம்பாதிக்கிறவர்களுக்கும் ஒன்று: ‘உனக்கு நான் கட்டிக்கிறேன், நீ வா’ என்று நீங்கள் அன்பாகச் சொல்வது ஒரு தரம் இனிக்கும், நாலாவது தரம் உங்கள் தோழி மெனுவில் வலது பக்கத்து எண்களை மட்டுமே படித்துக்கொண்டிருப்பாள். செலவு குறைவான இடத்தை நீங்களே முதலில் சொல்லிப் பாருங்கள்.

எல்லாத் தகராறும் இப்படிப் பேசித் தீருவதும் இல்லை. உங்கள் பர்ஸைத் தன் பர்ஸாக நினைக்கும் ஆளும் உண்டு, போன மாதம் வாங்கியதைப் பற்றி வாயே திறக்காமல் இந்த மாதமும் கேட்பவர். அவரிடம் தேதி சொல்லிக் கேளுங்கள், தேதிக்கு வராவிட்டால் அடுத்த முறை கொடுக்காதீர்கள். ஊர்சுற்றுவதற்காக ‘இப்போ வாங்கு, அப்புறம் கட்டு’ தவணைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறவரும், உரிமமில்லாமல் வட்டிக்குக் கொடுக்கிற ஆ லாங்கிடம் போய் நின்றவரும் நண்பர்களிடம் பேசுவதற்கு முன் கடன் ஆலோசனைக்குப் போக வேண்டும்.

செந்தூல் பெண் அந்தச் செய்தியை என் அறையில் உட்கார்ந்தே எழுதினார். எழுதி, அழித்து, மறுபடி எழுதி. கடைசியில் போனது இது: ‘லங்காவிக்கு ஈபிஎஃப்ல எடுத்தேன்டி. இனிமே எனக்கு அவ்ளோ முடியாது. ஆனா உன்னைப் பார்க்கணும்.’ நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை. மறுநாள் வந்த பதிலில் கோபம்தான் இருந்தது: ‘மூணு வருஷமா என்கிட்ட நடிச்சியா?’ இது நல்ல பதில் என்று நான் சொன்னபோது அவர் என்னை முறைத்தார்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் பத்துமலைக்குப் போயிருக்கிறார்கள். 272 படி, மேலே குகைக் கோயிலுக்குக் கட்டணமில்லை. ஏறி இறங்கும் வரை நன்றாகத்தான் பேசினார்களாம். கீழே வந்து இளநீர் யார் வாங்குவது என்பதில் மறுபடி சண்டை. கடைக்காரர் இரண்டு பேரிடமும் காசை வாங்கிக்கொண்டு, மூன்றாவதாக ஒரு இளநீரையும் வெட்டி வைத்துவிட்டார்.