மருத்துவமனை மேசையில் ஏறும் சர்க்கரை

வாசகர் ஒருவர் தம் வீட்டுப் பூனையை ஆண்டுப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். இரத்தச் சர்க்கரை 260 என்று வந்திருக்கிறது. மனிதருக்கு அந்த எண் வந்தால் வீடே கலங்கிப்போகும். கால்நடை மருத்துவரோ மருந்து எதுவும் எழுதாமல், இன்னொரு சோதனைக்கு இரத்தத்தை அனுப்பிவிட்டு, வீட்டில் பிடித்த சிறுநீரையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இது அவசியம்தானா, வீண் செலவா என்று கேட்கிறார் வாசகர். அவசியம்தான். அந்த மருத்துவர் தம் வேலையை நன்றாக அறிந்தவர்.

முதன்முறை செல்பவர்களுக்காக, அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் எடை பார்ப்பார்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்ததே என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. பிறகு ஆசனவாயில் வெப்பமானி வைப்பார்கள். நாய்க்கும் பூனைக்கும் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இயல்பான சூடுதான். நம் கைக்கு அவை எப்போதும் வெதுவெதுப்பாகத் தெரிவது இதனால்தான். மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாயிருந்தால் நலம் என்று பலரும் உறுதியாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு உலர்ந்திருக்கும். கடும் காய்ச்சலில் கிடக்கும் நாய்க்கு ஈரமாகவும் இருக்கும். மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பதில் இழப்பு உண்டு. மருத்துவர் பார்ப்பது ஈறை. விரலால் அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். இரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதை அந்த இரண்டு நொடி சொல்லிவிடும்.

இனி அந்த 260-க்கு வருவோம்.

மேசையில் நிற்கும் பூனையை உற்றுப் பாருங்கள். கண்பாவை அகன்று விழியே கறுத்திருக்கும். காதுகள் பின்னோக்கிப் படிந்திருக்கும். பூனையைத் தூக்கியதும், அது நின்ற இடத்தில் ஈரமான பாதச் சுவடுகள் தெரியும். பூனையின் உள்ளங்கால் மெத்தைகளில் வியர்வைச் சுரப்பிகள் உண்டு; அச்சத்தில் அவை சுரக்கின்றன. ஆபத்து வேளையில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலம் முழு வேகத்தில் இயங்குகிறது என்பதற்கு அந்தச் சுவடுகளே சாட்சி.

அதே நேரத்தில் உள்ளே அட்ரினலின் கல்லீரலை எட்டுகிறது. அங்கே சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜன் உடைந்து குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ சண்டையிடவோ தசைகளுக்கு எரிபொருள் வேண்டுமே! இதுவரை பள்ளிப் பாடம். பூனையின் தனித்தன்மை இனிமேல்தான் வருகிறது. இறைச்சியையே நம்பி வாழும் விலங்கு என்பதால், அதன் கல்லீரல் புரதத்திலிருந்து குளுக்கோஸ் தயாரிக்கும் வேலையை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. வந்து குவியும் குளுக்கோஸை விரைந்து உள்ளிழுக்கும் நொதியோ அந்தக் கல்லீரலில் மிகக் குறைவு. ஏறுவது வேகம், இறங்குவது மெதுவாக. இதோடு, பூனை திமிறத் திமிறத் தசைகளில் லாக்டேட் என்ற கழிவுப்பொருள் உண்டாகிறது; அதையும் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றக்கூடும். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் பூனைகளை ஐந்து நிமிடம் நீர் தெளித்துக் குளிப்பாட்டிப் பார்த்தார்கள். அதிகம் திமிறிய பூனைகளுக்குச் சர்க்கரையும் அதிகம் ஏறியது. இயல்பாக ஏறக்குறைய 70-க்கும் 150-க்கும் இடையில் இருக்கும் அளவு, அச்சத்தில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு.

அப்படியானால் 260 என்பது நோயா, பயமா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் உதவிக்கு வருகிறது.

இரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ், அல்புமின் போன்ற புரதங்களோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். நொதி எதுவும் தேவையில்லை. முதலில் ஒட்டுவது தளர்வான ஒட்டு. சர்க்கரை குறைந்தால் பெரும்பாலும் பிரிந்துபோய்விடும். பிரியாமல் நிலைத்தவற்றில் சில, அணுக்கள் இடம் மாறி, எளிதில் அவிழாத பிணைப்பாக இறுகுகின்றன. இப்படி இறுகியதற்கு ஃப்ரக்டோசமின் என்று பெயர். மருத்துவர் இரத்தத்தை அனுப்பியது இதை அளக்கத்தான். இது மெல்ல நடக்கும் வேலை. கோப்பையில் ஒருமுறை ஊற்றிய தேநீர் கழுவினால் போய்விடுகிறது, நாள்தோறும் ஊற்றினால் கறை படிகிறது அல்லவா, அதைப் போல. மேசையில் அரை மணி நேரம் ஏறிய சர்க்கரை ஃப்ரக்டோசமின் அளவை அசைப்பதில்லை. வாரக்கணக்கில் உயர்ந்திருந்த சர்க்கரையோ தப்ப முடியாது. புரதம் அழிந்து புதிது வரும்வரை அந்தத் தடம் இருக்கும். பூனையில் அது கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் கதை. பூனை எவ்வளவு பயந்திருந்தாலும் அந்தக் கதை மாறாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. தைராய்டு மிகையாகச் சுரக்கும் வயதான பூனைகளில் புரதங்கள் வேகமாக அழிந்து புதுப்பிக்கப்படுவதால், உண்மையைவிடக் குறைவான அளவு வரலாம். மருத்துவர் தைராய்டையும் சோதிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

சிறுநீர் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான். இரத்தச் சர்க்கரை 270 அளவைத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரகம் அதை வெளியே விடுகிறது. பதற்றமில்லாத வீட்டில் பிடித்த சிறுநீரில் சர்க்கரை இருந்தால் நீரிழிவுச் சந்தேகம் வலுக்கிறது. தட்டில் மணலுக்குப் பதிலாக, ஈரத்தை உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிகளைப் பரப்பினால் பிடிப்பது எளிது.

பூனையின் நீரிழிவு குறித்த ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பணம் மிகச் சொற்பம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். பூனைக்கு வரும் நீரிழிவு நமக்கு வரும் இரண்டாம் வகையை ஒத்தது. இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளில் படியும் அமிலின் என்ற புரதம் 1987-இல் அடையாளம் காணப்பட்டது மனிதக் கணையக் கட்டியிலும் நீரிழிவுப் பூனையின் கணையத்திலும்தான். ஆய்வகங்கள் பெரிதும் நம்பியிருக்கும் எலியின் அமிலின் அப்படிப் படிவதே இல்லை. பூனைக்காகச் செலவிடும் பணம் மனிதருக்கும் உதவும் என்று நிதி வழங்குவோர் உணர வேண்டும்.

அடுத்த முறை போகும்போது கூடையைச் சில நாட்கள் முன்பே வீட்டில் திறந்து வையுங்கள். பூனை படுத்துறங்கிய துணியை உள்ளே விரியுங்கள். வழியில் மேலே துண்டு போர்த்துங்கள். மிகவும் மிரளும் பூனை என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் புறப்பட மருத்துவர் ஒரு மாத்திரை எழுதித் தரக்கூடும். நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ஃப்ரக்டோசமின் இயல்பாக வந்தால், எடை குறைகிறதா, தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று மட்டும் கவனித்து வாருங்கள். உயர்ந்து வந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் கிடைத்த பூனைகளில் சில, பிறகு இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பியிருக்கின்றன.