பட்டி பார்க்கும்போது சுவரில் என்ன நடக்கிறது?

டியூப்லைட் மாட்டிய சுவர்தான் வீட்டிலேயே மோசமாகத் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? பகலில் ஒழுங்காக இருந்த சுவர், லைட்டைப் போட்டதும் சொரசொரவென்று மேடும் பள்ளமுமாக ஆகிவிடும். சுவர் மாறவில்லை, வெளிச்சம் வரும் கோணம்தான் மாறியிருக்கிறது. சுவரை ஒட்டி 5 டிகிரி சாய்வில் வரும் ஒளியில் 1 மில்லிமீட்டர் மேடு சுமார் 11 மில்லிமீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். 45 டிகிரியில் வந்தால் நிழலும் அதே 1 மில்லிமீட்டர்தான். பட்டி பார்ப்பது, அதாவது பெயிண்டுக்கு முன் மாவுக் குழம்பு போன்ற பட்டியைத் தகட்டால் சுவரில் இழுத்து மட்டமாக்குவது, கடைசியில் இந்த நிழல்களை ஒழிக்கிற வேலை. அதனால் வேலை நடக்கும்போது ஒரு பல்பை சுவர் ஓரமாகப் பிடித்துப் பார்க்காமல் ‘ஆச்சு’ என்று சொல்லும் பெயிண்டரை நான் நம்ப மாட்டேன்.

சொரசொரப்பு இரண்டு வகை, இதைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. ஒன்று, சிமெண்ட் பூச்சில் இருக்கும் மணலால் வருவது. ஸ்பாஞ்ச் போட்டுத் தேய்த்து முடித்த சுவரில் மணல் துகள்கள் தலைநீட்டிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பள்ளங்கள் இருக்கும். இதற்குப் பட்டி போதும். தகடு இரண்டு மேடுகளின் மேல் உட்கார்ந்து நகரும்போது நடுவில் உள்ள பள்ளத்தில் மட்டும் பட்டி தங்கிவிடும், அவ்வளவுதான் விஷயம். இன்னொன்று, கொத்தனார் பூசும்போதே வந்த அலை, அதாவது சுவர் ஓர் இடத்தில் வயிறு தள்ளி அடுத்த இடத்தில் உள்வாங்கியிருப்பது. சின்னத் தகடு அந்த அலையோடு சேர்ந்தே ஏறி இறங்கும், எத்தனை கோட் போட்டாலும் வழுவழுப்பான அலைதான் கிடைக்கும். நீளமான மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள், அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அது பட்டி வேலை இல்லை, பூச்சு வேலை.

சரி, மூட்டையில் என்ன இருக்கிறது? வெள்ளை சிமெண்ட் பட்டியில் பெரும்பகுதி மிக நைசாக அரைத்த சுண்ணாம்புக்கல் அல்லது டோலமைட் தூள். அதோடு வெள்ளை சிமெண்ட் (சாதாரண சிமெண்ட்டுக்குச் சாம்பல் நிறம் வர இரும்புதான் முக்கியக் காரணம், அதை மிகக் குறைவாக வைத்துத் தயாரிப்பதால் இது வெள்ளை), கொஞ்சம் பாலிமர் தூள், இன்னும் கொஞ்சம் செல்லுலோஸ் ஈதர். இந்தக் கடைசிப் பொருள் மிகக் குறைவாகத்தான் சேர்க்கப்படுகிறது, ஆனால் பட்டியின் குணத்தையே அது மாற்றிவிடுகிறது. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குழைவும் கொடுக்கும். தகடு தள்ளும்போது பட்டி இளகி ஓடும், தகடு நின்றதும் சுவரிலிருந்து வழியாமல் அப்படியே நிற்கும், பல்தேய்க்கும் பேஸ்ட் பிரஷ் மேல் நிற்கிற மாதிரி.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. வெறும் செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை. மெல்லிய பட்டியை அதன்மேல் இழுத்தால் அந்தத் துளைகள் தண்ணீரை உறிஞ்சிவிடும், வினை பாதியில் நின்றுபோகும், பட்டி பார்ப்பதற்கு வெள்ளையாக இருந்தாலும் கை வைத்தால் மாவாக ஒட்டும். செல்லுலோஸ் ஓரளவு காப்பாற்றும். ஆனால் முன்கூட்டியே சுவரில் தண்ணீர் தெளித்து நனைப்பதற்கு ஈடு வேறு கிடையாது, அதுவும் மே மாத வெயிலில். கலந்த பட்டி இறுக ஆரம்பித்தால் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பார்களே, அதைப் பார்த்தால் உடனே தடுத்துவிடுங்கள், உருவாகத் தொடங்கிய பிணைப்பை உடைக்கிற வேலை அது. வாளியில் ரெடியாக வரும் அக்ரிலிக் பட்டி வேறு கதை. அதில் சிமெண்ட் இல்லை, தண்ணீர் ஆவியாகும்போது பாலிமர் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. உள்சுவருக்கு நன்றாகத்தான் இருக்கும், ஓதம் (சுவருக்குள் ஏறும் ஈரம்) வருகிற சுவரில் போட்டால் ஊறி உரிந்துவிடும்.

கனமாக ஒரே கோட்டில் முடித்துவிட்டால் என்ன? விரிசல் விடும். மேல்பரப்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடியில் இருப்பது இன்னும் ஈரமாக இருக்கும், அந்த இழுபறியில் மேல்பரப்பு கிழியும். சிமெண்ட் கலவையில் மணல் எலும்புக்கூடு மாதிரி நின்று சுருங்க விடாமல் தடுக்கும், பட்டியில் அந்த மணல் கிடையாது. எனவே ஆழமான குழிகளை முதலில் மணல் கலந்த சிமெண்ட்டால் அடைத்துவிட்டு, அப்புறம் மெல்லிசாக இரண்டு கோட், ஒன்று மேலிருந்து கீழாக, மற்றது குறுக்காக. ஒரு திசையில் தகடு விட்டுப்போன தடத்தை மறு திசையில் போகும் தகடு நிரப்பும்.

பழைய வீடுகளில் சிக்கல் பட்டியில் இல்லை, அடியில் இருக்கிறது. வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாக நிற்கும். அதன்மேல் பட்டி போட்டால் பட்டி சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், சுண்ணாம்பு சுவரைப் பிடித்திருக்காது, இரண்டும் சேர்ந்து உரியும். நனைத்துச் சுரண்டித்தான் ஆக வேண்டும். ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் போட்ட டெக்ஸ்ச்சர் பெயிண்ட் இப்போது சலித்துப்போனவர்களுக்கும் இதேதான், நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைச் சுரண்டி, பளபளப்பு இருந்தால் உப்புத்தாள் போட்டுக் கீறலாக்கி, அதன் பிறகே பட்டி. ஒரு எச்சரிக்கை: பழைய பெயிண்டில், முக்கியமாக எனாமலில், ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அந்தச் சுவரை வறட்டுத் தேய்ப்புத் தேய்க்கக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாகக் கூடாது. ஈரமாக்கிச் சுரண்டி, துகள்களைத் துடைத்தெடுங்கள். ஈயம் இல்லாவிட்டாலும் தேய்ப்பவருக்கு நல்ல மாஸ்க் தேவை, பூச்சு மணலின் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

ஓதம் ஏறும் சுவரில் இதையெல்லாம் செய்து பயனில்லை. மண்ணிலிருந்து நுண்துளை வழியாக ஏறும் தண்ணீர் உப்பையும் கரைத்துக் கொண்டுவரும், தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் படிகமாகும், அது பட்டிக்கு அடியில் வளர்ந்தால் அந்த அழுத்தத்திலேயே பட்டி பெயர்ந்து விழும். கசிவை நிறுத்தாமல் பட்டி போடச் சொல்பவர் அடுத்த வருஷமும் உங்கள் வீட்டுக்கு வருவார்.

செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சிமெண்ட் இல்லை, நைசாக அரைத்த சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசி, கல்லால் அழுத்தித் தேய்த்து வழுவழுப்பாக்கினார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெதுவாகக் கல்லாக மாறுகிறது. எல்லாம் பொறுமை கேட்கும் வேலை, இன்றைய கூலிக்குக் கட்டுபடியாகாது.

கடைசியாகப் பெயிண்ட். புதுப் பூச்சும் சிமெண்ட் பட்டியும் காரத்தன்மை உள்ளவை, காரம் எண்ணெய்ப் பெயிண்டைச் சோப்பாக மாற்றிவிடும், அதனால்தான் புதுப் பூச்சை 28 நாள் விடச் சொல்வதும், காரம் தாங்கும் பிரைமர் அடிப்பதும். பளபளப்பான பெயிண்ட் வேண்டுமென்று அடம்பிடிக்காதீர்கள்: பளபளப்புப் பரப்பு 1 டிகிரி சாய்ந்தால் பிரதிபலிப்பு 2 டிகிரி திரும்பும், சின்ன அலைகூட அப்பட்டமாகத் தெரியும். மேட் பெயிண்ட் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் பாதிக் குற்றத்தை மறைத்துவிடும். மீதியை மறைக்க, அந்த டியூப்லைட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடலாம், எலக்ட்ரீஷியன் கூலி மட்டும்தான் செலவு.