கொதி: அங்கே நாக்கில், இங்கே வயிற்றில்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் போகிறவர்கள் பேக்கரிப் பலகைகளைக் கவனியுங்கள். ‘கொதியூறும் பலகாரங்கள்’ என்று மலையாளத்தில் எங்காவது எழுதியிருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற தமிழர் ஒரு நிமிடம் திகைப்பார். கொதிப்பது சரி, அது எப்படி ஊறும்?

மலையாளத்தில் கொதி என்றால் ஆசை. முதலில் நாக்கின் ஆசை. பக்கத்து வீட்டில் பலாப்பழம் அறுக்கிற வாசனை வந்ததும் நமக்குள் எழுகிறதே, அது. தின்பண்டத்தையே சுற்றிவரும் பையன் கொதியன், பெண்பிள்ளை கொதிச்சி. திட்டுதான், ஆனால் பாதி கொஞ்சல். நாக்கோடு நிற்பதும் இல்லை. தூரத்தில் இருக்கும் மகளைக் ‘காணான் கொதியாவுன்னு’ என்று தாய் சொல்வாள்.

இதற்குத் தமிழில் என்ன சொல்? ஆசை வடமொழி வழி வந்தது. வீடு வாங்கவும் அதுதான், வடை தின்னவும் அதுதான். ஏக்கத்தில் துயரம் கலந்திருக்கிறது. நப்பாசை, கிடைக்காது என்று பாதி தெரிந்தே வைப்பது. கொதியில் அந்தச் சோர்வு கிடையாது. வேட்கை நல்ல சொல், நீர்வேட்கை என்னும்போது உடம்பும் அதில் இருக்கிறது. ஆனால் ‘எனக்குப் பலாச்சுளை வேட்கை’ என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். மகளைக் காண்பதற்கு ஆவல் பொருந்தும், பலாச்சுளைக்கு நாவூறல் பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லத்தான் வழியில்லை.

போர்த்துக்கீசியரின் சௌதாதெ, டேனியரின் ஹூகெ என்று மொழிபெயர்க்க முடியாத சொற்களுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் இதையும் சேர்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், இது அயல்சொல்லே அல்ல. நம் கொதிதான். கன்னடத்திலும் குதி என்றால் உலை கொதிப்பது. ஒரே சூடு, தமிழில் அது கோபத்துக்குப் போனது. ‘வயிறு கொதிக்குது’, ‘கொதித்தெழுந்தார்’ என்கிறோம். மலையாளத்தில் நாக்குக்குப் போனது.

அப்படி முழுக்கப் பிரிந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து 1956 நவம்பர் 1 அன்று நம் பக்கம் வந்த குமரி மாவட்டத்தில் கொதி இன்னும் ஆசைதான். ஒருவர் சாப்பிடுவதை இன்னொருவர் ஆசையாகப் பார்த்துவிட்டால் ‘கொதி விழும்’. சாப்பிட்டவருக்கு வயிறு வலிக்குமாம். அதற்கு ஓதுவதும் உண்டு. இதையே கொங்குப் பக்கம் ‘கண்ணு பட்டுருச்சு’ என்பார்கள். பார்த்த கண்ணைக் குற்றம் சொல்கிறோம் நாம். குமரிக்காரர் ஆசையையே சொல்கிறார். எனக்குக் குமரிப் பேச்சுதான் நேர்மையாகப் படுகிறது. ஆகவே கொதிக்குத் தமிழ்ச் சொல் கேட்டால், கொதி என்றே சொல்வேன்.

(விஷமம் இதைவிட மோசம். கேரளத்தில் அது மனவருத்தம். ‘விஷமிக்கண்டா’ என்று ஆறுதல் சொன்னால், சேட்டை செய்யாதே என்று நம்மவர் புரிந்துகொள்வார்.)

கொதி ஆசைக்குப் போய்விட்டால், அடுப்பில் இருக்கும் தண்ணீர் அங்கே என்ன செய்யும்? திளைக்கும். காய்ச்சிய குடிநீர் ‘திளப்பிச்ச வெள்ளம்’. நமக்குத் திளைத்தல் என்றால் இன்பத்தில் மூழ்கிக் கிடப்பது. இரண்டும் உடன்பிறப்புகள் என்றே எனக்குத் தோன்றுகிறது: உலையில் நீர் துள்ளுவதும், மனம் நிறைந்து துள்ளுவதும். அவர்கள் உலையை வைத்துக்கொண்டார்கள், நாம் மனத்தை.

வெள்ளம் என்றால் அங்கே வெறும் தண்ணீர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியிலிருந்து முதல்முறை வந்த என் மாமாவிடம், சாப்பாட்டுக் கடையில் ‘திளப்பிச்ச வெள்ளம் மதியோ?’ (போதுமா) என்று கேட்டார்கள். மாமா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “ஏப்பா, வெள்ளம் எதுல திளைக்குதாமா?”