சங்கிலியை நிறுத்தும் நூல்
செயின்சா, அதாவது மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம், பிடிப்பவர் காலைக் காக்கப் போடும் பேன்ட்டின் மேல்துணி சங்கிலி பட்டதுமே கிழிந்துவிடும். கிழியவும் வேண்டும். அதன் உள்ளே நீண்ட பாலியெஸ்டர் அல்லது அராமிட் இழைகள், இறுக்கித் தைக்கப்படாமல், அடுக்கடுக்காகத் தளர்வாகக் கிடக்கின்றன. வெட்டுப்பற்கள் அவற்றைக் கொக்கிபோல் மாட்டி இழுக்கும். இழுபட்ட இழைகள் சங்கிலியோடு ஓடி, மெஷினுக்குள் அதைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். கண் இமைக்கும் நேரத்தில் சங்கிலி நின்றுவிடும்.

எவ்வளவு வேகம் வரை நிற்கும் என்பதைத்தான் லேபிளில் உள்ள வகுப்பு எண் சொல்கிறது. ஐஎஸ்ஓ 11393 என்ற பன்னாட்டுத் தரப்படி வகுப்பு 1-க்கு விநாடிக்கு 20 மீட்டர், வகுப்பு 2-க்கு 24 மீட்டர், வகுப்பு 3-க்கு 28 மீட்டர். உங்கள் மெஷினின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். 3/8 அங்குலச் சங்கிலி, 7 பல் சக்கரம் என்றால், ஒரு சுற்றுக்குச் சங்கிலி சுமார் 133 மில்லிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு 9,000 சுற்றில் அது விநாடிக்கு 20 மீட்டர். 12,000 சுற்றில் ஏறக்குறைய 27 மீட்டர். ஆகவே முழு வேகத்தில் ஓடும் பெரிய மெஷினுக்கு வகுப்பு 1 உறுதியான காப்பு ஆகாது.

வகுப்பு உயர்ந்தால் பொதுவாக அடுக்கும் எடையும் வெக்கையும் கூடும். ஆனாலும், சூடு தாங்காமல் வண்டியிலேயே கிடக்கும் வகுப்பு 3-ஐ விட, நாள் முழுக்கப் போட்டிருக்கக்கூடிய வகுப்பு 1 மேல் என்றே சொல்வோம். தரையில் நின்று அறுப்பவருக்கு முன்புறம் மட்டும் காக்கும் ஏ வகை போதும். தொடையின் பின்பக்கம் காற்றுவழி ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. மரமேறுபவரின் கால் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால், அவருக்குச் சுற்றிலும் காக்கும் சி வகைதான்.

அளவு பார்க்கும்போது வேலைக்குப் போடும் பூட்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். முழுதாகக் குந்துங்கள், பிறகு முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். பேன்ட்டின் கீழ்விளிம்பு பூட்ஸின் மேல்விளிம்பைத் தாண்டி ஏறினால் அங்கே கால் திறந்துகிடக்கிறது. முழங்காலில் துணி விறைத்து இழுத்தால் மாலைக்குள் தொடை ஓய்ந்துபோகும். தொளதொளவென்று இருப்பதும் ஆபத்துதான்: முன்னால் இருக்க வேண்டிய அடுக்கு பக்கவாட்டில் சுழன்றுவிடும். பேன்ட்டின் கனம் இடுப்பைக் கீழே இழுக்கும் என்பதால் பெல்ட்டை இறுக்குவதைவிடத் தோள்வார் போடுவது மேல். ஆனால் அதன்மேல் ஹார்னஸ் (மரமேறும்போது உடலைத் தாங்கும் பட்டைக்கட்டு) கட்டுபவருக்குத் தோள்வாரின் கொக்கிகள் உறுத்தும். அவர் இடுப்புப் பட்டை தட்டையாக உள்ளதைத் தேட வேண்டும்.

சங்கிலி எண்ணெய் ஊறினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுபட வராது. லேபிளில் சொன்ன வெப்பநிலையில் துவையுங்கள். பிளீச்சும் துணி மென்மையூட்டியும் வேண்டாம். மேல்துணியில் மட்டும் கிழிசல் என்றால் ஒட்டுப்போடலாம். உள்ளடுக்கோடு சேர்த்துத் தைத்தால் அந்தத் தையலே இழைகளைக் கட்டிப்போட்டுவிடும். உள்ளடுக்கில் வெட்டு விழுந்த பேன்ட்டை மாற்றியே ஆக வேண்டும்.

பேட்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். மின்மோட்டார் குறைந்த சுற்றிலும் பலமாக இழுக்கும் என்பதால், இழை சிக்கிய பின்னும் சங்கிலி சற்று நேரம் முன்னேறக்கூடும்.