பீலிக்கு மேலே எத்தனை கட்டங்கள்?

அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர்களுடைய லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் ஒரு பீலி இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் துவைக்கவும் அதே தண்ணீர்தான். அதற்கு மேலே, தேயிலை பிடுங்கப்பட்ட மலையொன்றில் இப்போது லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு, வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறார்களாம். “புவியியல் பாடத்தில் ஜி.ஐ.எஸ். படிக்கிறோம். அந்த மருந்து எங்கள் பீலிக்கு வருமா என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா? வரைபடம் என்றால் படம்தானே, படம் எப்படிக் கணக்குப் போடும்?” என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜி.ஐ.எஸ். என்னும் புவியியல் தகவல் முறைமைக்குள் இருப்பது படமே அல்ல. அது அட்டவணை. திரையில் நாம் காண்பது அந்த அட்டவணைக்குப் போட்ட வேடம். பீலி ஒரு புள்ளி, றோட்டு ஒரு கோடு, தோட்டத்தின் டிவிசன் ஒரு மூடிய உருவம். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் ஒரு வரிசை உண்டு. பீலியின் வரிசையில் அதன் இருப்பிடம், எத்தனை குடும்பம் தண்ணீர் எடுக்கிறது, கோடையில் வற்றுமா என்பதையெல்லாம் எழுதி வைக்கலாம். இப்படிப் புள்ளி, கோடு, உருவமாக வைப்பது வெக்டர் முறை. ஒரே நிலத்துக்கு ஆறுகள் ஒரு படலம், வீடுகள் ஒரு படலம், மண்வகை ஒரு படலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, எது எதன்மேல் விழுகிறது என்று கேட்கலாம். இவ்வளவும் பாடக்குறிப்பிலேயே இருக்கும்.

படலங்கள் பொருந்த வேண்டுமானால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து அளக்கப்பட்டிருக்க வேண்டும். இங்கே மலையகத்தாருக்கு ஒரு பெருமை உண்டு. இலங்கையின் தேசிய வரைபடச் சட்டகத்துக்கு மூலப்புள்ளி கொழும்பில் இல்லை. நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் 2,524 மீட்டர் உயரமான பீதுருதாலகால மலையில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்றுதான் நாடு முழுவதும் எண்ணப்படுகிறது. மேற்கேயும் தெற்கேயும் போனால் கழித்தல் எண் வந்து தொல்லை தருமே என்பதற்காக, அந்த மலையையே பூச்சியம் என்று வைக்காமல் கிழக்கு எண், வடக்கு எண் இரண்டையும் 2,00,000 மீட்டர் என்று வைத்தார்கள். 1999 ஆம் ஆண்டுச் சட்டகத்தில் அது 5,00,000 ஆனது. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும்? பழைய சட்டகத்து எண்ணைப் புதியதில் போட்டால், நாட்டின் மிக உயரமான மலை 300 கிலோமீட்டர் தெற்கும் 300 கிலோமீட்டர் மேற்கும் நகர்ந்து இந்து சமுத்திரத்தில் மூழ்கிவிடும். இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியும், உடனே திருத்திக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத தவறுதான் ஆபத்து. பழைய இடவிளக்கப்படங்களின் அகலாங்கும் நெட்டாங்கும், பூமியின் வடிவத்துக்கு 1830 ஆம் ஆண்டு எவரெஸ்ட் என்ற நில அளவையாளர் கணித்த அளவுகளை நம்பியவை. நம் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேறோர் அளவை நம்புகிறது. பழைய படத்தின் ஓரத்தில் உள்ள எண்ணை அப்படியே கைப்பேசியில் தட்டினால், இலங்கையில் 200 மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். வயல்வெளியில் 200 மீட்டர் பெரிய விஷயமில்லை. நம் ஊரில் 200 மீட்டர் என்றால் அடுத்த ஓடை. ஒரு முறை நான் மலைக் கோவில் ஒன்றை இப்படிக் குறித்துக்கொண்டு போய், அரை நாள் அட்டைக் கடி வாங்கித் திரும்பினேன்.

இனி மழைக்கு வருவோம். தண்ணீர் எங்கே ஓடும் என்று அறிய உயரம் வேண்டும். அதற்கு நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஓர் எண்ணை எழுதிவிடுகிறார்கள். இது ராஸ்டர் முறை. கணக்குக் கொப்பித் தாளில் ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஓர் உயரம் எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ராடாரால் உயரம் அளந்தது. அந்தத் தரவு இன்று யாருக்கும் இலவசம். அதில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 30 மீட்டர். பத்தடிக் காம்பரா (அறை) பத்தை வரிசையாகக் கட்டிய லயம் நீளவாக்கில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்த லயத்துக்கும் முற்றத்துக்கும் பின்பக்க மண்மேட்டுக்கும் சேர்த்து ஓர் எண்தான்.

எனக்குத் தூக்கம் கெடும் அளவுக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. ஒரு கட்டத்தின் நடுவில் ஒரு துளி மழை விழுகிறது. அந்தக் கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. துளி அவற்றுள் ஒன்றுக்குத்தான் போகலாம் என்பது விதி. 1984 இல் ஓகல்லகன், மார்க் என்ற இருவர் எழுதி வைத்த முறை இது. எட்டில் எது மிகவும் தாழ்வோ அதற்குப் போகும் என்று நினைப்பீர்கள். அங்கேதான் சறுக்கும்.

துளி நிற்கும் கட்டத்தின் உயரம் 1,402 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கட்டம் 1,391. தென்கிழக்குக் கட்டம் 1,387. தென்கிழக்குத்தான் தாழ்வு. ஆனால் தென்கிழக்கு மூலைவாட்டில் இருக்கிறது. கட்டத்தின் நடுவிலிருந்து பக்கத்துக் கட்டத்தின் நடுவுக்கு 30 மீட்டர் என்றால், மூலைக் கட்டத்துக்கு 42.4 மீட்டர். பைதகரஸை இங்கே கூப்பிடலாம். கிழக்கே 30 மீட்டரில் 11 மீட்டர் இறக்கம், அதாவது மீட்டருக்கு 0.367. தென்கிழக்கே 42.4 மீட்டரில் 15 மீட்டர் இறக்கம், மீட்டருக்கு 0.354. துளி கிழக்கே போகிறது. எவ்வளவு தாழ்வு என்பதைத் தண்ணீர் பார்ப்பதில்லை, எவ்வளவு செங்குத்து என்பதையே பார்க்கிறது.

போன திசையை எண்ணாகக் குறிக்க வேண்டும். கிழக்குக்கு 1, தென்கிழக்குக்கு 2, தெற்குக்கு 4, தென்மேற்குக்கு 8, மேற்குக்கு 16, வடமேற்குக்கு 32, வடக்குக்கு 64, வடகிழக்குக்கு 128. பரவலாகப் புழங்கும் மென்பொருள்களில் இதுதான் வழக்கம். ஒன்று முதல் எட்டு வரை எழுதினால் போதாதா? இரண்டு திசைகளில் சரிவு சமமாக இருந்தால் இரண்டு எண்களையும் கூட்டி எழுதலாம், அதனால்தான் இரட்டித்துப் போகிறார்கள். 5 என்று கண்டால் அது கிழக்கும் தெற்கும் மட்டுமே. இந்த எண்களில் எதை எதோடு கூட்டினாலும் குழப்பம் வராது.

முதன்முதலாக இந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றுகிறது. இந்திரன், அக்கினி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன். கோவிலில் எட்டுத் திக்குப் பாலகரைச் சொல்லும் அதே ஒழுங்கு. இந்திரன் 1, வருணன் 16, ஈசானன் 128. நம்மவர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யாரும் இதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். கிழக்கில் தொடங்கி வலம் வருவது யாருக்கும் தோன்றக்கூடிய ஒழுங்கு. ஈசான மூலையில்தான் தண்ணீர் இருக்க வேண்டும் என்று சரிவான நிலத்தில் இடம் குறித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பக்கத்துக் கட்டம் தாழ்ந்திருந்தால்தான் துளி 128க்குப் போகும், நீங்கள் சொல்வதற்காகப் போகாது.

எல்லாக் கட்டத்துக்கும் திசை எழுதியாயிற்று. சில கட்டங்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் சுற்றியுள்ள எட்டும் அவற்றைவிட உயரம். மலைநாட்டில் உண்மையான குழி மிக அரிது. பெரும்பாலும் அது அளவையின் பிழை. ராடார் மரத்தின் தலையிலும் பட்டுத் திரும்பும். தேயிலை இடுப்பளவுதான், அதனால் பரவாயில்லை. ஓடையைக் கடந்து யூக்கலிப்டஸ் தோப்பு வளர்ந்திருந்தால் அந்த இடம் அணைக்கட்டுப் போலத் தெரியும், தண்ணீர் அதற்குப் பின்னால் தேங்கி நிற்கும். ஆகவே குழியை அதன் விளிம்பு வரை நிரப்பிவிட்டுக் கணக்கைத் தொடர்வார்கள். காசல்ரீ போன்ற நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பு இன்னொரு தலைவலி. எல்லாக் கட்டமும் ஒரே உயரம், துளி எந்தப் பக்கம் போகும்? வெளியேறும் வாயை நோக்கித் திசையை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒவ்வொரு கட்டத்திடமும் “உன் வழியாக மேலேயிருந்து எத்தனை கட்டத்துத் தண்ணீர் போகிறது?” என்று கேட்பது. மலைமுகட்டுக் கட்டம் பூச்சியம் என்று சொல்லும். அதற்குக் கீழே உள்ளது ஒன்று, இரண்டு என்று சொல்லும். இறங்க இறங்க எண் பெருகி, ஓடிவந்து சேரும் கோடுகள் தாமாகவே ஆறாகத் திரையில் முளைக்கும். ஆற்றை யாரும் வரையவில்லை! முதன்முறை பார்த்த நாளில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆயிரம் கட்டத்துத் தண்ணீர் வந்து சேரும் இடம் என்றால் அதற்கு மேலே 90 ஹெக்டேயர். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த நிலத்தில் விழுவது 9 கோடி லீட்டர்.

பூச்சியங்கள் சேர்ந்து நிற்கும் வரிதான் நீரைப் பிரிக்கும் மேடு. கடிதம் எழுதிய மாணவியின் ஊர் மழை அக்ரா ஓயாவில் இறங்கி, கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலியாகித் திருகோணமலைக் கடலுக்குப் போகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பொகவந்தலாவையில் விழுந்த மழை கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீயில் தங்கி, களனியாகிக் கொழும்புக்குப் போகிறது. ஒரே மேகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரு துளிகள், ஒன்று கிழக்குக் கடலுக்கும் மற்றது மேற்குக் கடலுக்கும்.

எண்ணிக்கையைத் தலைகீழாகச் செய்தால் மாணவியின் கேள்விக்குப் பதில் கிடைக்கும். பீலியின் கட்டத்தில் நின்றுகொண்டு, என்னை நோக்கித் திசை காட்டும் கட்டங்கள் எவை, அவற்றை நோக்கிக் காட்டுபவை எவை என்று மேல்நோக்கிப் போனால், பீலியின் நீரேந்துப் பகுதி ஓர் இலை வடிவத்தில் வெளிப்படும். லீக்ஸ் பாத்தி அந்த இலைக்குள் இருந்தால், மழைக்குக் கழுவுண்டு ஓடும் மருந்து பீலிப் பக்கம்தான் வரும். வெளியே இருந்தால் பெரும்பாலும் வராது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் இந்தக் கணக்கு நிலத்தின் மேலே ஓடுவதை மட்டும் அறியும். பீலி ஊற்றுத் தண்ணீர். நம் மலைகளின் பழம் பாறையில் நீர் வெடிப்புகளின் வழியே போகும், அந்த வெடிப்பு மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். ஆகவே கணினி சந்தேகத்தைச் சொல்லும், உறுதியைச் சொல்ல ஆய்வுகூடத்தில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் தேவையான கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம்தான். ஒரு பாடசாலையில் ஒரு கணினியும் ஒரு மாதப் பொறுமையும் இருந்தால் போதும். பொதுப் பணத்தில் எடுக்கப்படும் நுட்பமான உயரத் தரவு எல்லாம் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 30 மீட்டர்க் கட்டத்துக்கும் 1 மீட்டர்க் கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு, மண்மேட்டுக்குக் கீழே காம்பராவில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

கடிதம் வந்த பிறகு என் வீட்டுப் பீலிக்கே இதைச் செய்து பார்த்தேன். இலை 41 கட்டமாக வந்தது, சுமார் ஒன்பது ஏக்கர். நம்பிக்கை வராமல், அடைமழை நாளொன்றில் குடையோடு அந்த எல்லையில் நடந்து பார்த்தேன். இலைக்கு வெளியே, தேயிலைக்கு நடுவே, ஒரு பழைய கான் (வடிகால்) மலையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வந்து பக்கத்துச் சரிவின் தண்ணீரை எங்கள் ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டடி அகலம். விண்ணோடத்தின் கண்ணுக்கு அது எங்கே தெரியப் போகிறது? வெள்ளைக்காரத் துரை காலத்தில் எங்கள் ஆட்கள் மண்வெட்டியால் வெட்டியது என்று பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னார். வீட்டுக்கு வந்து அந்தக் கானைக் கோடாக வரைந்து, அது போகும் கட்டங்களின் உயரத்தைச் சிறிது குறைத்துவிட்டு மீண்டும் ஓட்டினேன். 41 கட்டம் 53 ஆனது.

மாணவிக்கு எழுதிய பதிலில், முதலில் தாத்தாமாரிடம் கான்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.