ஜனங்ககிட்ட கேட்டா குறைதான் சொல்லுவாங்கன்னு சொல்றவங்களுக்கு

போன வாரம் எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல (பிஎச்சி) மறுபடியும் ஒரு கால் புண் கேஸ். அம்பது தாண்டின அம்மா, சுகர் நானூறுக்கு மேல, கட்டைவிரல் கறுத்துப் போயிருந்துச்சு, பாத்ததுமே விரல் தேறாதுன்னு தெரிஞ்சுது, ஜிஎச்சுக்கு ரெஃபர் பண்ணி 108ல ஏத்தி விட்டோம். அவங்க சுகர் நோட்டை புரட்டினா கடைசி சில மாசமா ஒண்ணுமே இல்ல. ஓரத்துல "ஒழுங்காக வருவதில்லை"ன்னு ஒரு வரி மட்டும் எழுதியிருந்துச்சு. ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கல. இந்த மாதிரி வருஷக்கணக்கா பாத்துட்டேன், இனிமே பேசாம இருக்க முடியல, அதான் எழுதுறேன். (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தியிருக்கேன்.)

கேட்டதுக்கு அந்தம்மா ரெண்டு காரணம் சொன்னாங்க. முதல் காரணம் நூறு நாள் வேலை. 2023 ஜனவரில இருந்து அங்க மொபைல் ஆப்லதான் அட்டெண்டன்ஸ், காலைல ஒரு போட்டோ மத்தியானத்துக்கு மேல ஒரு போட்டோ, ரெண்டுலயும் ஆள் இருக்கணும். நம்ம ஓபியும் அதே நேரம்தான் நடக்குது. மாத்திரை வாங்க வந்தா அன்னிக்கு கூலி போச்சு. சரி, வீட்டுக்கே மாத்திரை போகணுமே, அதுக்குத்தானே 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க? அதுவும் போச்சு. அந்தத் திட்டத்து தன்னார்வலர் பொண்ணு பகல்லதான் வீடு வீடா போகும், இவங்க பகல்ல ஏரிக்கரைல மண்ணு வெட்டிட்டு இருப்பாங்க, வீடு பூட்டிக் கிடக்கும். அந்தப் பொண்ணுக்கு இது நல்லாவே தெரியும். ஆனா நம்ம மாசாந்திர மீட்டிங்ல அதுகிட்ட எத்தனை வீடு முடிச்சன்னுதான் கேக்குறோமே தவிர எந்த வீடு ஏன் பூட்டியிருக்குன்னு கேட்டதே இல்ல.

ரெண்டாவது காரணம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். ஒரு மாசம் மாத்திரை அட்டை கலர் மாறி வந்திருக்கு. நம்ம அரசு ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலமா டெண்டர்ல வாங்கறது, டெண்டர் எடுக்குற கம்பெனி மாறினா அட்டை மாறும், மாத்திரை சைஸ் கூட மாறும், உள்ள இருக்குற மருந்து அதேதான். நமக்கு இது தெரிஞ்ச விஷயம். எழுதப் படிக்கத் தெரியாம அட்டையோட கலரையும் பளபளப்பையும் வச்சு மட்டுமே "இது சுகருக்கு, இது பிரஷருக்கு"ன்னு பிரிச்சு வச்சிருக்கிறவங்களுக்கு இது வேற மாத்திரை. அவங்க கவுண்டர்ல கேட்டிருக்காங்க. "குடுத்தத சாப்பிடும்மா"ன்னு பதில் வந்திருக்கு. பயந்துட்டு விட்டுட்டாங்க. சிலர் இதே நிலைமைல பழைய அட்டையையும் புது அட்டையையும் சேத்து சாப்பிடுவாங்க, அது இன்னும் ஆபத்து, ஒரே மருந்து டபுள் டோஸ் போயிடும். மருந்தாளுநரையும் திட்டி பிரயோஜனம் இல்ல, ஒத்த ஆளா நின்னு அத்தனை கூட்டத்துக்கு குடுக்கறாரு. ஆனா "அட்டைதான் மாறியிருக்கு, மருந்து அதேதான்"னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு அட்டையையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி கவுண்டர்ல வைக்க எவ்ளோ நேரம் ஆகும்?

இப்ப எனக்கு எரிச்சலைக் கிளப்புற பேச்சுக்கு வரேன். நோயாளிங்ககிட்டயும் ஊர்க்காரங்ககிட்டயும் ஒக்காந்து பேசணும்னு எப்ப சொன்னாலும் நம்ம ஆளுங்ககிட்ட இருந்து வர்ற பதில் ஒண்ணேதான்: "அவங்ககிட்ட கேட்டா ஸ்கேன் மிஷின் வேணும், இருதய டாக்டர் வேணும், மாடி கட்டணும்னு நடக்காததா கேப்பாங்க, இல்லன்னா குறை சொல்லுவாங்க." இதை சொல்றவங்கள்ல முக்காவாசி பேர் ஒரு தடவை கூட கேட்டுப் பாத்தவங்க இல்ல. நான் கேட்டிருக்கேன், ஊர் ஊரா. ஸ்கேன் மிஷின் கேட்டவங்க உண்டு, இல்லேங்கல. ஆனா திரும்பத் திரும்ப வந்தது என்ன தெரியுமா? லேடீஸ் பாத்ரூம் கதவுக்கு தாப்பாள் இல்ல. ஓபி சீட்டு போடுற இடத்துல வெயில் அடிக்குது, ஒரு தகரக் கூரை போடுங்க. டாக்டர் இன்னிக்கு லீவுன்னா காலைலயே போர்டுல எழுதிப் போடுங்க, பஸ்ஸு புடிச்சு வந்துட்டு திரும்பிப் போறோம். வயசானவங்களை வா போன்னு கூப்பிடாதீங்க. ஊசி போடுற ரூம்ல ஒரு திரை போடுங்க. சொல்லுங்க, இதுல எது நடக்காதது? இதுல எதுக்கு சென்னைல இருந்து ஃபைல் வரணும்? பெருசா கேப்பாங்கன்னு பயந்து நாம கேக்காம இருக்கோம், அவங்க கேக்குறதோ தாப்பாள்.

குறை சொல்லுவாங்கன்னு இன்னொரு பயம். ஐயா, அவங்க இப்பவும் சொல்லிட்டுதான் இருக்காங்க, டீக்கடைல, பஸ்ல, வாட்ஸப் குரூப்ல, நம்ம காதுல மட்டும் விழறதில்ல. நேர்ல சொல்லாததுக்கு காரணம் திருப்தி இல்ல, பயம். "நான் ஏதாச்சும் சொன்னா அடுத்த தடவை பேத்திக்கு ஊசி வலிக்கிற மாதிரி போட்டுடுவாங்க"ன்னு ஒரு பாட்டி என்கிட்டயே சொல்லியிருக்காங்க. அப்படிப்பட்டவங்க கைல, ஊசி போட்ட நர்ஸே ஒரு ஃபார்ம் குடுத்து "எங்க சேவை எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா மிக நன்றுன்னுதானே டிக் அடிப்பாங்க? அதையும் விடுங்க, ஆஸ்பத்திரி தரத்தைப் பாத்து சான்று குடுக்குற டீம் வருதுன்னா முதல் நாள் ராத்திரி ரெண்டு பேர் ஒக்காந்து அத்தனை ஃபார்மையும் வேற வேற பேனாவுல நிரப்புற இடமெல்லாம் இருக்கு, எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். அந்த ஃபார்ம் கேக்குறதுக்கான நோக்கம் நல்லதுதான். அதை இப்படி கொன்னு வச்சிருக்கோம்.

அமைப்பு இல்லையான்னா இருக்கு. 2005ல தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தப்பவே ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நோயாளர் நலச் சங்கம்னு கொண்டு வந்தாங்க, உள்ளூர் ஆளுங்களும் உறுப்பினரா இருக்கணும்னு. அந்த திட்டத்துல பிஎச்சிக்குன்னு வருஷத்துக்கு சங்க நிதி 1 லட்சம், பராமரிப்புக்கு 50,000, எதுக்கு செலவு பண்ணணும்னு கட்டுப்பாடு இல்லாத நிதி 25,000ன்னு ஒதுக்கினாங்க. கிராம சுகாதார குழுவுக்கு தனியா 10,000. தகரக் கூரைக்கும் தாப்பாளுக்கும் இது பத்தாதா? ஆனா எத்தனை ஊர்ல சங்க உறுப்பினர் யாருன்னு ஊர்க்காரங்களுக்கு தெரியும்? மீட்டிங் நோட்டு வீடு தேடிப் போய் கையெழுத்து வாங்கிட்டு வருது, உறுப்பினரு என்ன தீர்மானம்னு படிக்காமலே போட்டுக் குடுக்கறாரு. அப்புறம் பணம் எதுக்கு செலவாகுதுன்னா, ஆபீசர் விசிட் வர்றதுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்க.

ஸ்டாஃப் கதையும் இதேதான். நம்ம மீட்டிங்ல டாக்டர் பேசுவாரு, மத்தவங்க நோட்ல எழுதுவாங்க, ஹாஸ்பிடல் ஒர்க்கர் அக்கா டீ குடுத்துட்டு வெளிய போயிடுவாங்க. ஒரு இடத்துல நடந்ததை சொல்றேன். வெறும் வயித்துல சுகர் பாக்க வர்றவங்க முதல்ல ஓபி சீட்டு வரிசை, அப்புறம் டாக்டர் வரிசை, அப்புறம் லேப் வரிசைன்னு நின்னு ரத்தம் குடுக்கும்போது மணி பதினொண்ணு ஆயிடும். ராத்திரி சாப்பிட்டது, நடுவுல சிலருக்கு மயக்கம் வந்து நாற்காலில சாஞ்சுடுவாங்க. ரொம்ப நாளா இதை பாத்துட்டு இருந்த ஒர்க்கர் அக்கா ஒரு நாள் கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க, "சுகர்க்காரங்களை நேரா லேப்புக்கு அனுப்பிட்டு ரத்தம் குடுத்ததும் இட்லி சாப்பிட சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது ரத்தம் எடுக்கணும்ல, அந்த நடுவுல டாக்டரை பாத்துக்கட்டும்." அவ்ளோதான். ஒரு ரூபா செலவில்ல. அடுத்த வாரமே மாத்தினோம், மயக்கம் போடுறது நின்னுச்சு, பதினோரு மணி கூட்டமும் கொறைஞ்சுது. அந்தக்காகிட்ட ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேட்டா, "யாரும் கேக்கலயே சார்". ஸ்டாஃபை மதிக்காத இடத்துல ஸ்டாஃப் நோயாளிய மதிப்பாங்கன்னு எதிர்பாக்கறது நியாயமே இல்ல. கிராம சுகாதார செவிலியர்னு ஒருத்தர், ஆறேழு ரெஜிஸ்டரு, ரெண்டு மூணு மொபைல் ஆப், ஊர் ஊரா நடை, இத்தனைக்கும் நடுவுல டார்கெட் ஏன் முடியலன்னு எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கிட்டு அடுத்த வீட்டுக்கு சிரிச்ச முகத்தோட போகணும்னா எப்படி?

கேட்டு செஞ்ச இடங்கள் நம்ம நாட்டுலயே இருக்கு, வெளிநாட்டுக்கெல்லாம் போக வேணாம். மகாராஷ்டிரா கட்சிரோலில அபய் பங், ராணி பங்னு டாக்டர் தம்பதி, 1986ல இருந்து வேலை பாக்கறாங்க. அங்க இருக்குற கோண்டு பழங்குடி மக்கள் ஆஸ்பத்திரின்னாலே பயந்தாங்க, பெரிய கட்டடம், வெள்ளைச் சட்டை, செத்தவங்களுக்கு போடுற வெள்ளைத் துணியோட நெனப்பு. உங்களுக்கு எப்படி இருந்தா வருவீங்கன்னு அவங்ககிட்டயே கேட்டு, குடிசை மாதிரி தனித்தனியா கட்டி, கூட வர்ற சொந்தக்காரங்க தங்க இடம் வச்சு, அவங்க கும்புடுற தந்தேஸ்வரி அம்மன் பேரையே ஆஸ்பத்திரிக்கு வச்சாங்க. நம்ம தர்மபுரி சித்தேரி மலைக்கு கீழ சிட்லிங்கில ரெஜி ஜார்ஜ், லலிதான்னு ரெண்டு டாக்டர்ங்க 1993ல ஒரு குடிசைல ஆரம்பிச்சாங்க, உள்ளூர் மலைவாழ் பொண்ணுங்களையே நர்ஸ் வேலைக்கு பழக்கினாங்க, தன் மொழில தன் ஊர்ப் பொண்ணு பேசுறப்ப நோயாளிக்கு வர்ற தைரியமே வேற.

அரசுலயும் உண்டு. பிரசவ ரூம்ல கூட ஒரு சொந்தக்காரப் பொம்பளை இருக்கலாம்னு தமிழ்நாடு 2004லயே கொண்டு வந்துச்சு. கூட ஆள் இருந்தா பிரசவ நேரம் கொறையுது, சிசேரியனும் கொறையுதுன்னு உலகம் முழுக்க ஆராய்ச்சி சொல்லுது. ஆனா இன்னிக்கும் சில இடத்துல அம்மாவை வெளிய தள்ளி கதவை சாத்துறாங்க, கேட்டா இன்ஃபெக்ஷன் ஆயிடும்னு பதில். கைய கழுவிட்டு, ஒரு கவுன் மாட்டிட்டு வரச் சொன்னா முடிஞ்சுது. இருபது வருஷம் ஆச்சு, இன்னும் இதுக்கு சண்டை போட வேண்டியிருக்கு.

கூட வேலை பாக்கறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்களே நேர்ல கேக்காதீங்க, ஸ்டெத்தை மாட்டிட்டு கேட்டா யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க, மகளிர் குழு அக்கா மூலமா கேளுங்க, ஆஸ்பத்திரிக்கு வெளிய கேளுங்க. முக்கியமா வராதவங்ககிட்ட கேளுங்க, வரிசைல நிக்கிறவங்க எப்படியோ வந்துட்டாங்க, பாதில நின்னவங்க வீட்டுலதான் பதில் இருக்கு. கேட்டதுல ஒண்ணையாவது பதினஞ்சு நாள்ல செஞ்சு முடிங்க, செஞ்சதை போர்டுல எழுதுங்க. முடியாததை முடியாதுன்னு காரணத்தோட சொல்லுங்க. கேட்டுட்டு ஒண்ணும் செய்யலன்னா அடுத்த தடவை வாயே திறக்க மாட்டாங்க, அதுக்கு கேக்காமலே இருந்திருக்கலாம். நூறு நாள் வேலை நடக்குற இடத்துக்கே மாசத்துல ஒரு நாள் மாத்திரையும் பிரஷர் மிஷினும் எடுத்துட்டுப் போங்க, பொறுப்பாளர்கிட்ட முன்னாடியே பேசிட்டா போதும்.

ஊர்க்காரங்களுக்கு. காலியான மாத்திரை அட்டையை தூக்கிப் போடாம கைல எடுத்துட்டு வாங்க, புது அட்டை வேற மாதிரி இருந்தா "இது அதேதானா"ன்னு நின்னு கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் நகராதீங்க. சந்தேகத்துல மாத்திரைய நிறுத்தாதீங்க, ரெண்டையும் சேத்தும் போடாதீங்க, 104க்கு போன் பண்ணினாலே சொல்லிடுவாங்க. கால்ல சின்ன கொப்புளம்னாலும் அன்னிக்கே வாங்க, கூலி போனா போகட்டும், கெஞ்சிக் கேக்குறேன். இன்னொண்ணு, கோவம் வந்தாலும் கை ஓங்காதீங்க. 2024 நவம்பர்ல கிண்டி அரசு ஆஸ்பத்திரில டாக்டரை கத்தியால குத்தினதுக்கு அப்புறம் நைட் டியூட்டி பாக்குற எங்க பொண்ணுங்க எவ்ளோ பயத்தோட இருக்காங்கன்னு வெளிய தெரியாது. 2008லயே இதுக்குன்னு தனிச் சட்டம் இருக்கு, ஜெயில் தண்டனை உண்டு, ஆனா சட்டத்துக்காக சொல்லல, அடிச்ச இடத்துல அடுத்த டாக்டர் வர யோசிப்பாரு.

உங்க கோவத்துக்கு சரியான இடம் இருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் கிராம சபை. ரோடு, தண்ணி, லைட்டு எல்லாம் கேக்குறீங்க, ஆஸ்பத்திரிய பத்தி மட்டும் யாரும் கேக்க மாட்டேங்குறீங்க. நோயாளர் நலச் சங்கத்துல நம்ம ஊர் ஆளு யாரு, இந்த வருஷம் எவ்ளோ பணம் வந்துச்சு, எதுக்கு செலவாச்சுன்னு கேளுங்க, தீர்மானமா எழுத வைங்க. டாக்டர் வரலன்னா கிராம சுகாதார செவிலியர் அங்க இருப்பாங்க. அவங்ககிட்ட சத்தம் போடாதீங்க, அவங்க கைல ஒண்ணும் இல்ல, கேள்விய ஒரு தாள்ல எழுதி தேதி போட்டு குடுங்க, அவங்க எங்ககிட்ட கொண்டு வந்து சேப்பாங்க, ஜெராக்ஸ் ஒண்ணு உங்க கைல இருக்கட்டும்.