ஆசிரியர் கவுன்சிலை ஆள்வது யார்?

மருத்துவருக்கு மருத்துவக் கவுன்சில் இருப்பதுபோல, ஆசிரியருக்கும் சில நாடுகளில் ஒரு கவுன்சில் உண்டு. யார் வகுப்பெடுக்கலாம் என்ற பதிவேட்டை அதுதான் வைத்திருக்கும். பயிற்சிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும், ஒழுக்க விதிகளை எழுதும், புகார் வந்தால் விசாரிக்கும், தேவைப்பட்டால் பெயரை நீக்கும். பலர் இதை ஆசிரியர் சங்கத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். சங்கம் இருப்பது ஆசிரியரின் நலனுக்காக. கவுன்சில் இருப்பது மாணவருக்காகவும் பொதுமக்களுக்காகவும். இரண்டும் ஒரே ஆட்களின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

பொதுவாக ஒரு சட்டம் இதை உருவாக்கும். அந்தச் சட்டப்படி அமையும் கவுன்சில் கொள்கை முடிவுகளை எடுக்கும். அதன் கீழ் கல்வித் தகுதி, விசாரணை, ஒழுங்கு நடவடிக்கை, நிதி என்று குழுக்கள். அன்றாட வேலை பதிவாளர் அல்லது தலைமைச் செயல் அலுவலர் தலைமையிலான அலுவலகத்தின் பொறுப்பு. செலவின் பெரும்பகுதி ஆசிரியர்கள் கட்டும் ஆண்டுக் கட்டணத்தில் நடக்கும். காசு நம்முடையது, அப்படியானால் கவுன்சிலும் நம்முடையதுதானே என்று ஆசிரியர்கள் நினைப்பது இதனால்தான்.

சண்டை எல்லாம் இருக்கைக் கணக்கில்தான். எத்தனை பேர் ஆசிரியர்களின் வாக்கில் வருகிறார்கள், எத்தனை பேரை அரசு நியமிக்கிறது, ஆசிரியர் அல்லாத பொது உறுப்பினர்கள் எத்தனை பேர்?

ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்வோம். தகுதிச் சான்று இல்லாதவர்களை வகுப்பறைக்குள் விடுவதை எதிர்த்து 1961இல் கிளாஸ்கோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையடுத்து 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்ததுதான் அங்குள்ள பொதுக் கற்பித்தல் கவுன்சில். 2012 ஏப்ரலில் அது அரசிடமிருந்து தன்னாட்சி பெற்றது. அப்போது அமைந்த கணக்கு: மொத்தம் 37 பேர். 19 பேர் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தவர்கள், 11 பேர் கல்வி அமைப்புகள் பரிந்துரைத்தவர்கள், 7 பேர் பொது உறுப்பினர்கள். பாதிக்கு மேல் ஒரே ஒரு இடம்தான் தேர்வானவர்களுக்கு. நன்றாக யோசித்துப் போட்ட கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்தது வேறு கதை. 1980களின் இறுதியில் அங்கு தொடங்கிய ஆசிரியர் கல்லூரி (பெயர்தான் கல்லூரி, ஒழுங்குமுறை அமைப்பு) 20 இடங்களில் 15ஐ ஆசிரியர் வாக்குக்கு விட்டது. சங்கத்தின் ஆதரவு பெற்றவர்களே பெரும்பாலும் ஜெயித்தார்கள். 2003இல் அரசு அந்தக் கவுன்சிலைக் கலைத்துத் தன் ஆட்களை உட்கார வைத்தது. ஆசிரியர்கள் கட்டணம் கட்டாமல் போராட, தேர்தல் திரும்பி வந்தது. ஆனால் உள்ளுக்குள் மோதல் ஓயவில்லை. சங்கத்தின் செல்வாக்கால் பொதுமக்களின் நம்பிக்கை போய்விட்டது என்று 2010இல் அரசு நியமித்த ஆய்வாளர் டான் அவிசன் அறிக்கை கொடுத்தார். 2012 ஜனவரியில் அமைப்பையே மூடிவிட்டார்கள். இப்போது தரநிலைகளை வகுக்க ஒரு ஆசிரியர் கவுன்சில், புகார்களைக் கையாள அரசு நியமிக்கும் தனி ஆணையர் என்று வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

கனடாவின் இன்னொரு மாகாணமான ஒன்டாரியோவிலும் கவுன்சிலில் 37 பேர் இருந்தார்கள், அதில் 23 பேர் தேர்வான ஆசிரியர்கள். 2020 இறுதியில் சட்டம் மாறியது. இப்போது 18 பேர்தான்: ஆசிரியர் 9, பொது உறுப்பினர் 9. ஆசிரியர்கள் வாக்களிக்கும் தேர்தலே போய்விட்டது. திறமை பார்த்து நியமிக்கிறோம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சரி, ஆனால் திறமையை யார் அளக்கிறார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இங்கிலாந்தில் 2000இல் தொடங்கிய கவுன்சிலில் 64 பேர்! அது 2012இல் மூடப்பட்டு, வேலை அரசுத் துறையின் கீழ் போனது.

தேர்தலைவிட முக்கியமானது விசாரணையைத் தனியே பிரித்து வைப்பது என்பேன். விதியை எழுதுகிறவரே புகாரையும் விசாரித்துத் தீர்ப்பையும் சொன்னால், குற்றம் சாட்டப்பட்ட ஆசிரியருக்கும் நியாயம் இல்லை, புகார் கொடுத்த பெற்றோருக்கும் இல்லை. புகாரை முதலில் சலிக்கும் குழுவில் இருந்தவர் இறுதி விசாரணையில் உட்காரக் கூடாது. அந்த அமர்வில் ஆசிரியர் அல்லாத ஒருவராவது இருக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக வழி இருக்க வேண்டும்.

ஒரு கவுன்சில் எப்படி ஆளப்படுகிறது என்று அறிய அதன் சட்டத்தில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: உறுப்பினர் நியமனம், உறுப்பினரை நீக்கும் அதிகாரம், கட்டணத்தை உயர்த்த யாருடைய ஒப்புதல் வேண்டும் என்ற பிரிவு. மூன்றிலும் அமைச்சரின் கையெழுத்தே தேவைப்பட்டால், தன்னாட்சி என்று முகப்பில் எழுதியிருந்தாலும் அது அரசுத் துறையின் இன்னொரு கிளைதான்.